உணவுக்கு முன், உணவுக்குப் பின்

பீஷான் கடைத்தொகுதி, இரண்டாம் தளம்.
வரிசை எண் ஐம்பத்து மூன்று.
கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் தொப்பிக்காரர்கள்
மாவு வட்டத்தில் கறியை வைத்துக்
கொசுவம் கொசுவமாக மடிக்கிறார்கள்.
என் புடவைக் கொசுவத்தைவிட நேர்த்தி.
புடவையே வேண்டாம் என்றுதான் சொன்னாள் நிரோஷினி.
சம்பந்தி என்ற சொல்லும் வேண்டாமாம், இப்போதைக்கு.
"சும்மா ஒரு சாப்பாடும்மா."
சும்மா சாப்பிடவா
தைவானிலிருந்து விமானம் ஏறி வருவார்கள்?

எனக்கும் சீனம் தெரியும்.
தோ பாயோ கிளினிக் முகப்பில் உட்கார்ந்து
இருபத்தோரு வருடம் சேர்த்த சீனம்:
எங்கே வலிக்கிறது.
எத்தனை நாளாக.
உணவுக்கு முன். உணவுக்குப் பின்.
இதை வைத்துக்கொண்டு
ஒரு கல்யாணத்தைப் பேச முடியாது.

சீட்டும் பென்சிலும் வந்தன.
வேண்டியதற்கு எதிரே கோடு போட வேண்டும்,
பள்ளிப் பரீட்சை மாதிரி.
இவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க
முதல் வரியிலேயே நான் பார்த்துவிட்டேன்,
நட்சத்திரக் குறியோடு:
மாட்டிறைச்சி நூடுல்ஸ்.

நாங்கள் சாப்பிடுவதில்லை.
முகம் கோணாமல் அதை எப்படிச் சொல்வதென்று
ரயிலில் ஒத்திகை பார்த்தேன்.
இரண்டே நிறுத்தம். போதவில்லை.

திரு. சுவாங் பென்சிலை எடுத்தார்.
முதல் வரியைத் தாண்டி
வெள்ளரிக்காய்க்குப் போனார்.
"அப்பா மாடு சாப்பிட மாட்டார்," என்றான் போயென்,
மன்னிப்புக் கேட்கும் குரலில், ஆங்கிலத்தில்.
யுன்லினில் நெல்வயலாம்.
தாத்தாவிடம் ஒரு மாடாம்.
அது வயலில் அந்த, அந்த...
ஆங்கிலம் தீர்ந்துவிட்டது பையனுக்கு.
சோயா கிண்ணத்துக்கும் இஞ்சித் தட்டுக்கும் நடுவே
மேசைமேல் கையை அழுத்தி இழுத்தான்,
நேராக ஒரு கோடு.

ஏர், என்றேன்.

அடுக்குமாடியில் பிறந்தவள் நான்.
ஏரைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி.
யாருக்கும் அந்தச் சொல் புரியவில்லை.
சுவாங் மட்டும் தலையாட்டினார்.

இயந்திரம் வந்த வருடம் மாட்டை விற்றார்களாம்.
லாரி போன சாலையில் கால் வைக்காமல்
தாத்தா சந்தைக்குச் சுற்றிப் போனாராம்.
நாற்பது நிமிடம் கூடுதல்.
எத்தனை வருடம் என்று பையனுக்குத் தெரியவில்லை.
அப்பாவைக் கேட்டான்.
அவர் பதில் சொல்லாமல் தேநீர் ஊற்றினார்.

எங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல
வாய் வரை வந்தது.
அப்படியில்லை.
எங்கள் வீட்டில் அது வழக்கம்.
ஏன் என்று கேட்டால், வழக்கம்.
அவரிடம் ஒரு மாடு இருந்தது.
என்னிடம் ஒரு 'கூடாது' மட்டும்.

மூங்கில் தட்டு மூடி திறந்தது.
இவர் ஒன்றை முழுசாக வாயில் போட்டு
உள்ளே இருந்த கொதிசாறில் நாக்கு வெந்து
மேற்கூரையைப் பார்த்து விழித்தார்.
திருமதி சுவாங் சிரிக்கவில்லை.
ஒரு கரண்டியில் தனக்கொன்றை ஏந்தி
ஓரத்தில் ஒரு பல் அளவு கடித்து
ஆவி போகட்டும் என்று காத்திருந்து காட்டினார்,
குழந்தைக்குக் காட்டுவதுபோல.
இவரும் குழந்தைபோலவே பார்த்துக்கொண்டார்.

பிறகு அது வந்தது.
பெரிய கிண்ணம். கருஞ்சிவப்புச் சாறு.
ஒரு கிண்ணம், இரண்டு ஜோடிக் குச்சிகள்.
என் பெண்ணும் அவர் பையனும்
எப்போது கோடு போட்டார்களோ
நாலு பெற்றோருக்கும் நடுவில் தலை முட்ட
உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார்கள்.
நல்ல மணம். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.
நான் சுவாங்கைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
இருவரும் அவசரமாகத்
தேநீர்க் கோப்பைக்குள் குனிந்துகொண்டோம்.

பில்லுக்குச் சண்டை.
ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு
இரண்டு ஆண்களும் இரண்டு மொழியில் கத்த,
பிள்ளைகள் எப்போதோ
கைப்பேசியில் கட்டிவிட்டிருந்தார்கள்.

சுவாங் எழுந்தார்.
எழும்போது மேசையைப் பிடித்தார்.
என்னை அறியாமல் என் வேலை பேசியது,
சீனத்தில்: எங்கே வலிக்கிறது?

உணவகமே நின்றதுபோல் இருந்தது.
நிரோஷினி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார்.
எத்தனை நாளாக?
மூன்று வருடம்.
மாத்திரை?
இரண்டு, என்று விரல் காட்டி,
நான் கேட்குமுன் அவரே சொன்னார்:
உணவுக்குப் பின்.

சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.
நான் தண்ணீர் கேட்கப் போனேன்.